கிணத்துல முங்கற தம்பி கடல்ல ஸ்பாஞ்ச் எடுக்க போறேன்றான், 55 மீட்டர் வெறும் காத்துல இறங்கலாமா?

குடியாத்தம்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு கடலை பத்தி ஒண்ணும் தெரியாது, நாங்க குடியாத்தம் பக்கம், கடலை பாக்கணும்னாலே பஸ் புடிச்சு மெட்ராஸ் தான் போவணும். என் தம்பிக்கு 24 வயசு. சின்னதுல இருந்தே கிணத்துலயே தான் கெடப்பான், சுத்துப்பட்டுல எந்த கிணத்துல மோட்டார் விழுந்தாலும் அவனை தான் கூப்புடுவாங்க, 40 அடி தண்ணி நின்னாலும் ஒரே மூச்சுல அடி வரைக்கும் போய் சேத்துல கையால தடவி கயிறு மாட்டிட்டு மேல வந்துடுவான். ரெண்டு வருஷம் முன்ன பாண்டிச்சேரி போய் ஸ்கூபா கோர்ஸ் முடிச்சான், கையில ஒரு கார்டு குடுத்திருக்காங்க, 18 மீட்டர் வரைக்கும் தான்னு சொன்னாங்களாம்.

இப்ப இன்னா விஷயம்னா அங்க பழக்கமான ஒருத்தர் மூலமா ஒரு ஏஜென்ட் வந்து மெடிட்டரேனியன் கடல்ல ஸ்பாஞ்ச் எடுக்கற போட்டுல வேலை இருக்குன்னு சொல்லிக்கினு இருக்காரு. ஸ்பாஞ்ச்னா பாத்திரம் வெளக்கற பிளாஸ்டிக் இல்லயாம், கடலுக்கு அடியில பாறையில ஒட்டிக்கினு வளர்ற ஒரு உயிராம், வெளிநாட்டுல குளிக்கறதுக்கு நல்ல வெலை குடுத்து வாங்கறாங்களாம். கூலி கிலோ கணக்கு. போட்டுல கம்ப்ரசர் ஓடும், ஹோஸ் வழியா காத்து வரும், 50, 55 மீட்டர் போவணும், ஒரு நாளைக்கு மூணு வாட்டி இறங்கணும். முன்பணமா ஒரு லட்சம் குடுத்துட்டாங்க, அதுல பாதி வீட்டுக்கு ஷீட்டு மாத்தினதுல போயிடுச்சு.

நான் பயமா இருக்குடான்னா, "கா, மூச்சு புடிச்சே 40 அடி போறேன், காத்து வந்துக்கினே இருந்தா எவ்ளோ ஆழம் போனா இன்னா"ன்றான். அந்த பேச்சு சரியா தப்பான்னு எனக்கு சொல்ல தெரியல. அப்பா இல்ல, நான் தான் பாத்துக்கணும். வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அவனையும் உக்கார வெச்சு படிக்க வைக்கறேன்.


காட்பாடி_டைவர்:

மா, நான் 22 வருஷம் டைவிங் வேலை பாத்தவன், பாதிக்கு மேல பாம்பே ஹை பக்கம் எண்ணெய் பிளாட்ஃபாரத்துக்கு அடியில. இப்ப ரிட்டையர் ஆகி காட்பாடியில இருக்கேன். உங்க தம்பி கேட்டது நல்ல கேள்வி தான். அதுக்கு பதில் தெரியாம இறங்கினவங்க நிறைய பேரு திரும்பி வரல, அதனால நீளமா எழுதறேன், தம்பி நீயும் படி.

கிணத்துல மூச்சு புடிச்சு போறப்ப உன் நெஞ்சுல இருக்கறது மேல இருந்து எடுத்துனு போன ஒரே ஒரு நெஞ்சு காத்து. கீழ போவ போவ சுருங்கும், மேல வந்தா பழைய அளவுக்கு வந்துடும், புதுசா ஒண்ணும் உள்ள போவல. கம்ப்ரசர் காத்து அப்படி இல்லப்பா. தண்ணியில 10 மீட்டருக்கு ஒரு அட்மாஸ்பியர் அழுத்தம் கூடிக்கினே போவும், 50 மீட்டர்ல மேல இருக்கறதையும் சேத்து 6. அந்த அழுத்தத்துல நெஞ்சு விரியணும்னா ஒவ்வொரு மூச்சுக்கும் மேல இழுக்கறத விட 6 மடங்கு காத்து உள்ள போவணும். காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன், ஒடம்புக்கு அதால ஒரு வேலையும் இல்ல, ரத்தத்துல கரைஞ்சு போய் கொழுப்புலயும் மூட்டுலயும் தண்டுவடத்துலயும் உக்காந்துக்கும். கீழ இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. மேல வரப்ப அழுத்தம் கொறையுது இல்ல, அப்ப கோலி சோடா குண்டை அமுக்கினா பொங்குதே அது மாதிரி ஒடம்புக்குள்ளயே குமிழியா கெளம்பும். இதுக்கு தான் பெண்ட்ஸ்னு பேரு.

அந்த நைட்ரஜன் மூச்சு வழியாவே மெதுவா வெளிய போவணும், அதுக்கு நேரம் குடுக்கணும். எந்த ஆழத்துல எவ்ளோ நேரம் இருக்கலாம்னு அமெரிக்க நேவி போட்ட டேபிள்ல 100 அடின்னா 25 நிமிஷம் வரைக்கும் இருந்துட்டு வழியில நிக்காம மேல வரலாம். 190 அடி, அதாவது 58 மீட்டர்னா வெறும் 5 நிமிஷம். கவனிப்பா, கீழ இறங்கற நேரமும் அந்த 5 நிமிஷத்துக்குள்ளயே தான் வரும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருந்தாலும் மேல வரப்ப அங்கங்க கயித்தை புடிச்சிக்கினு நின்னு நின்னு தான் வரணும். கீழ அரை மணி நேரம் வேலை பாத்தவன் வழியில அதை விட எத்தனையோ மடங்கு நேரம் சும்மா தொங்கணும். கிலோவுக்கு கூலின்னு சொன்னா எவன் தொங்குவான்? பை ரொம்பினா மேல வருவான், கொட்டிட்டு திரும்ப இறங்குவான். முதல் வாட்டி ஒடம்புல ஏறின நைட்ரஜன் முழுசா வெளிய போறதுக்குள்ள ரெண்டாவது, அதுக்கு மேல மூணாவது. நாளைக்கு மூணு வாட்டி 55 மீட்டர்னு படிச்சப்ப எனக்கு வயித்தை கலக்கிடுச்சு.

இது மேல வரப்ப நடக்கறது. கீழ இருக்கறப்பவே நடக்கறது இன்னொண்ணு. 30 மீட்டர் தாண்டினா நைட்ரஜன் சாராயம் மாதிரி தலைக்கு ஏறும். நான் ஒரு வாட்டி 48 மீட்டர்ல ஒரு பைப் கிளாம்ப்ல 8 நட்டு டைட் பண்ணணும், எல்லாம் முடிஞ்சுதுன்னு போன்ல மேல சொல்லிட்டேன், அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. என் தொப்பியில கேமரா இருந்ததால மேல இருந்த சூப்பர்வைசர் பாத்துக்கினு இருந்தாரு, நான் ஒரே நட்டை மூணு வாட்டி முறுக்கி இருக்கேன், நாலு நட்டுல கையே வெக்கல. அவரு "கையை எடு, மேல வா"ன்னு சொன்னது கூட எனக்கு தூரத்துல யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. எனக்கு போன் இருந்துச்சு, கேமரா இருந்துச்சு, பாக்க ஒரு ஆள் இருந்தாரு. வாயில ஹோஸை கடிச்சிக்கினு தனியா இறங்கறவனுக்கு நேரம் ஆச்சுன்னு யாரு சொல்றது?

எங்க வேலையில காத்துல 50 மீட்டர் தான் கடைசி, அதுவும் டெக்ல சேம்பர், அதாவது ஆளை உள்ள வெச்சு அழுத்தம் ஏத்தற அறை, தயாரா இருந்தா தான் தண்ணியில கால் வெப்போம். அதுக்கு கீழன்னா ஹீலியம் கலந்த கேஸ். ஏன்னா இன்னும் ஆழம் போனா ஆக்ஸிஜனே விஷம், 66 மீட்டர்ல காத்துல ஆக்ஸிஜனோட பங்கு அழுத்தம் மட்டும் 1.6 அட்மாஸ்பியர் ஆயிடும், சொல்லாம கொள்ளாம வலிப்பு வரலாம், வந்தா வாயில இருக்கறது கழண்டுடும், அவ்ளோ தான். 55ல வேலைன்னு சொல்றவங்க "இன்னும் கொஞ்சம் தள்ளி நல்ல சரக்கு இருக்கு"ன்னு சொன்னா அங்க யாரும் மீட்டர் பாக்க மாட்டாங்க.

கம்ப்ரசரையும் கேளு. நம்ம பக்கம் கிணத்துக்குள்ள ஆயில் இன்ஜின் இறக்கி ஓட்டி புகையில செத்தவங்க கதை உனக்கு தெரியாததா. போட்டுல இன்ஜின் புகை கம்ப்ரசர் காத்து இழுக்கற பக்கம் வந்துச்சுன்னா அதே புகை ஹோஸ்ல வரும், மேல ஒண்ணும் பண்ணாத அளவு புகை கூட 50 மீட்டர்ல 6 மடங்கு வேலை செய்யும்.

கடைசியா ஒண்ணு, உனக்குன்னே சொல்றேன். ஹோஸ் மடங்கி காத்து நின்னுடுச்சுன்னு வெச்சுக்கோ. கிணத்துல பழகின உன் ஒடம்பு இன்னா பண்ணும்? வாயை மூடி மூச்சை கெட்டியா புடிச்சிக்கினு காலை ஒதைச்சு மேல வரும். அந்த மூச்சு மேல எடுத்த மூச்சு இல்லப்பா, கீழ அழுத்தத்துல இழுத்தது. 10 மீட்டர்ல இருந்து மேல வரதுக்குள்ள அது ரெண்டு மடங்கு ஆவும். நெஞ்சுல எடம் எங்க இருக்கு? நுரையீரல் கிழிஞ்சு காத்து ரத்தத்துல ஏறி மூளைக்கு போவும். கிணத்துல உன்னை காப்பாத்தின பழக்கம் தான் அங்க உன்னை கொல்லும்.


பாகாயம்_பிசியோ:

அக்கா, மேல அண்ணா சொன்னதோட கடைசி பக்கத்தை தான் நான் பாக்கறேன். நான் வேலூர்ல வீடு வீடா போய் பிசியோதெரபி பண்றேன், பெரும்பாலும் தண்டுவடம் அடிபட்டவங்க. பாகாயத்துல டாக்டர் மேரி வர்கீஸ் 1966ல ஆரம்பிச்ச மறுவாழ்வு மையம் இருக்கறதால எங்கெங்கயோ இருந்து ஆளுங்க இங்க வராங்க, அந்த டாக்டரே விபத்துல கால் ரெண்டும் செயலிழந்து வீல்சேர்ல உக்காந்து டாக்டர் வேலை பாத்தவங்க. அப்படி தென்பக்கம் கடலோரத்துல இருந்து வந்து இங்கயே வாடகைக்கு தங்கி இருந்த ஒரு அண்ணனுக்கு ஏழு மாசம் எக்ஸர்சைஸ் குடுத்தேன். சங்கு குளிக்கறவரு. கம்ப்ரசர் தான்.

அன்னிக்கு மேல வந்து போட்டுல உக்காந்து பீடி பத்த வெச்சிருக்காரு, பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சாம், முதுகுல பெல்ட் போட்டு இறுக்கின மாதிரி ஒரு வலி. அசதின்னு நெனச்சு சாப்டு படுத்துட்டாரு. விடியகாலைல ஒண்ணுக்கு வருது, போவல, எழுந்திரிக்கலாம்னு பாத்தா இடுப்புக்கு கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. கூட இருந்தவங்க திரும்ப தண்ணியில இறக்கினா சரியாயிடும்னு ஹோஸ் குடுத்து இறக்கி இருக்காங்க, அதுல இன்னும் மோசமாச்சு. சேம்பர் இருக்கற எடத்துக்கு போய் சேர மூணு நாள் ஆயிடுச்சு.

எனக்கு மறக்காதது இது தான் அக்கா. ஒரு நாள் நான் போறப்ப அவரு குதிகால்ல பெரிய புண்ணு. அவரை பைக் பின்னாடி உக்கார வெச்சு கூட்டினு போயிருக்காங்க, கால் சைலன்சர்ல பட்டு வெந்துனே வந்திருக்கு, அவருக்கு தெரியல. வாசனை வந்து தான் குனிஞ்சு பாத்திருக்காரு. அவரு வயசு அப்ப 31. நாலு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி டியூப் போட்டு தானே யூரின் எடுத்துக்கணும், அதை அவங்க அம்மா முன்னாடி பண்ண கூச்சப்பட்டு தண்ணி குடிக்கறதையே கொறைச்சுட்டாரு.

யாராச்சும் இதை தேடி படிக்கறவங்களுக்காக சொல்றேன், டைவ் முடிச்சு வந்தவங்களுக்கு மதமதப்பு, மூட்டு வலி, தலை சுத்தல், தோல்ல திட்டு திட்டா செவப்பு, யூரின் வராம இருக்கறதுன்னு எது வந்தாலும் தூங்க விடாதீங்க. மல்லாக்க படுக்க வெச்சு சுத்தமான ஆக்ஸிஜன் மாஸ்க் போடணும், நெனவு இருந்தா தண்ணி குடுக்கணும், அப்படியே சேம்பருக்கு கொண்டு போவணும். அங்க 18 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தத்துல ஆக்ஸிஜன் குடுத்து கிட்டத்தட்ட 5 மணி நேரம் வெப்பாங்க. சீக்கிரம் போனவங்க எழுந்து நடந்திருக்காங்க. இதுக்கெல்லாம் தப்பிச்சவங்களுக்கும் சில வருஷம் கழிச்சு இடுப்பு மூட்டு, தோள் மூட்டு எலும்பு உள்ளுக்குள்ள செத்து உதிர்றது உண்டு, எக்ஸ்ரே எடுக்கற வரைக்கும் தெரியாது.


ஆற்காடு_ரைடர்:

எல்லாரும் ரொம்ப பயமுறுத்தறீங்கன்னு தோணுது ப்ரோ. என் பிரெண்ட் அந்தமான்ல 40 மீட்டர் போய்ட்டு வந்தான், நல்லா தான் இருக்கான். ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்கி கையில கட்டிக்கிட்டா எப்ப மேல வரணும், எங்க நிக்கணும் எல்லாம் அதுவே சொல்லும். நல்ல சம்பளம் வர்ற வேலைய வேணாம்னு சொல்றது ஈஸி, அந்த பையன் இங்க மோட்டார் எடுத்து எவ்ளோ சம்பாதிப்பான்.


காட்பாடி_டைவர்:

தம்பி, சம்பாத்தியம் பத்தி நீங்க சொன்னது நியாயம் தான், அதை நானும் யோசிச்சேன், கீழ சொல்றேன். ஆனா உங்க பிரெண்ட் ஒரு வாட்டி மீன் பாக்க போனாரு, கூட கைடு, தோள்ல டேங்க், வேலை ஒண்ணும் இல்ல. இவன் குளிர் தண்ணியில பாறையில இருந்து ஸ்பாஞ்சை அறுத்து பையில போட்டுக்கினு ஆறு மாசம் தினமும் போவணும். ஒடம்பு வேலை செய்ய செய்ய ரத்தம் வேகமா ஓடும், நைட்ரஜன் வேகமா ஏறும், அந்த ஆழத்துல காத்தே 6 மடங்கு கெட்டியா இருக்கறதால இழுத்து விடவே கஷ்டம், கார்பன் டை ஆக்சைடு உள்ள தேங்கும், அது தேங்கினா போதையும் கூடும் வலிப்பும் சீக்கிரம் வரும். கம்ப்யூட்டர் நில்லுன்னு சொல்லும், சரி. ஹோஸோட அந்த முனை கேப்டன் கையில தானே இருக்கு? அவரு இழுத்தா வர வேண்டியது தான்.

நீங்க வண்டி ஓட்டறவர்னு பேர்ல இருக்கறதால இதையும் சொல்லிடறேன். பாண்டியில டைவ் பண்ணிட்டு அன்னிக்கே ஏலகிரி ஏறாதீங்க. அது ஆயிரம் மீட்டருக்கு மேல, 14 வளைவு ஏறி முடிக்கறப்ப காத்தழுத்தம் கொறைஞ்சிருக்கும், ஒடம்புல மிச்சம் இருக்கற நைட்ரஜன் அங்க குமிழி ஆவும். பிளேனுக்கு சொல்ற மாதிரி 18ல இருந்து 24 மணி நேரம் விட்டுட்டு ஏறுங்க.


வாலாஜா_வாத்தியார்:

அம்மா, நான் சரித்திரம் நடத்தினவன். இந்த ஸ்பாஞ்ச் தொழிலுக்கு ஒரு பெரிய துக்கமான கதை இருக்கு, தம்பி போகப்போறது அந்த கடல்தான்றதால சொல்றேன்.

கிரேக்க தீவுகள்ல காலிம்னோஸ், சிமின்னு ரெண்டு. பரம்பரையா அங்க ஒரு தட்டையான கல்லை கையில புடிச்சிக்கிட்டு, அந்த கனத்துல கீழ போய், மூச்சு புடிச்சு ஸ்பாஞ்ச் எடுத்தாங்க, நம்ம முத்து குளிக்கறவங்க மாதிரி. 1860கள்ல பித்தளை தொப்பியும் ரப்பர் உடுப்பும் வந்துச்சு, மேல இருந்து பம்புல காத்து அடிச்சாங்க. எவ்வளவு நேரம் வேணா கீழ இருக்கலாம்னு ஆனதும் தான் சாவும் முடமும் ஊர் ஊரா வந்துச்சு. உங்க தம்பி சொன்ன அதே வார்த்தையை தான் அவங்களும் நம்பி இருப்பாங்க, காத்து வந்துக்கிட்டே இருந்தா என்னன்னு. இன்னிக்கும் காலிம்னோஸ்ல மிஹானிகோஸ்னு ஒரு ஆட்டம் ஆடறாங்க. வரிசையில முன்னாடி ஆடறவன் கையில கம்பு ஊனி, கால் வெடவெடன்னு நடுங்கி, மத்தவங்க மாதிரி அடி வைக்க முடியாம தடுமாறுவான். முடமாகிப்போன டைவரோட நடை அது.

1900ல சிமி தீவு ஸ்பாஞ்ச் டைவர்கள் தான் ஆண்டிகிதேரான்ற தீவு பக்கத்துல 45 மீட்டர் அளவு ஆழத்துல மூழ்கிக் கிடந்த பழைய கப்பலை கண்டுபுடிச்சாங்க. வெண்கல சிலை, ரெண்டாயிரம் வருஷத்து பல்சக்கர யந்திரம் எல்லாம் மேல வந்து ஏதென்ஸ் மியூசியத்துல இருக்கு. அந்த சாமானை எடுக்கறதுல ஒரு டைவர் செத்தாரு, ரெண்டு பேரு முடமானாங்க. குமிழிக்கு காரணம் நைட்ரஜன்னு பிரான்ஸ்ல பால் பெர்ட் 1878லயே எழுதிட்டாரு, ஆனா நின்னு நின்னு மேல வர்றதுக்கு இங்கிலாந்துல ஹால்டேன் டேபிள் போட்டது 1908ல. சிமி ஆளுங்களுக்கு கையில ஒண்ணும் இல்ல. உங்க தம்பிக்கு எல்லாம் எழுதி வெச்சிருக்கு, அதனால தான் எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

முன்பணம்னு படிச்சதும் நிமிர்ந்து உக்காந்தேன். அங்கயும் சீசனுக்கு முன்னாடியே டைவருக்கு மொத்தமா அட்வான்ஸ் குடுத்துடுவாங்க, பிளாட்டிகான்னு பேரு. வாங்கின பணம் வீட்டுல செலவாயிடும், அதை அடைக்கறதுக்கு இறங்கித்தான் ஆகணும், ஒடம்பு சரியில்லன்னாலும் இறங்கணும். பீடிக்கும் சூளைக்கும் ரைஸ் மில்லுக்கும் அட்வான்ஸ் வாங்கி மாட்டின குடும்பங்களை நம்ம குடியாத்தம் பக்கம் நான் பாத்திருக்கேன், உங்களுக்கும் தெரியும். 1986 வாக்குல அந்த கடல்ல ஸ்பாஞ்சுக்கு ஒரு நோய் வந்து ஏராளமா அழிஞ்சுபோச்சு. மேலாக்க கிடைக்காததை தேடித்தான் ஆழத்துக்கு போறது.


குடியாத்தம்_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி நான் படிக்க படிக்க அவன் கேட்டுக்கினு இருந்தான். முதல்ல சிரிச்சான். மூச்சு புடிச்சிக்கினு மேல வர்ற எடம் வந்ததும் சாப்பாட்டை வெச்சுட்டு போனை வாங்கி அவனே திரும்ப படிச்சான். அப்புறமா தான் சொல்றான், பாண்டியில ட்ரெயினிங்ல மேல வரப்ப அவன் வாயில இருந்து குமிழி வரலன்னு மாஸ்டர் ரெண்டு வாட்டி அவன் நெஞ்சுல தட்டினாராம், மூணாவது வாட்டி கையை புடிச்சு நிறுத்தி வெச்சுட்டாராம். "எனக்கு தெரியாமலே புடிச்சிக்கறேன் கா"ன்னான். இத்தனை நாளா எங்க கிட்ட சொல்லவே இல்ல.

இன்னிக்கு காலைல ஏஜென்ட்டுக்கு நான் தான் போன் பண்ணேன். போட்டுல சேம்பர் இருக்கா, இல்லன்னா கரையில எத்தனை மணி நேரத்துல இருக்கு, ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கா, எந்த டேபிள் பாத்து மேல வரவைப்பீங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆனா செலவு யாருதுன்னு எழுதி வெச்சு ஒண்ணொண்ணா கேட்டேன். "கேப்டன் 30 வருஷ அனுபவம்மா, இதெல்லாம் அவரு பாத்துக்குவாரு, நீங்க இன்னா டாக்டரா"ன்னாரு. திரும்ப கேட்டா முன்பணத்தை எண்ணி வெச்சுட்டு பேசுங்கன்னு கட் பண்ணிட்டாரு.

50 ஆயிரம் கையில இருக்கு. மீதிக்கு மகளிர் குழுவுல லோன் கேட்டிருக்கேன், செவ்வாக்கிழமை கூட்டம். அவன் வேணாம்னு வாயால சொல்லல, ஆனா பேக்ல எடுத்து வெச்சிருந்த துணியை வெளிய எடுத்து மடிச்சு வெச்சுட்டான். அவனுக்கு தண்ணி வேலை தான் புடிக்கும் அண்ணா, அதை விட்டுட்டு கம்பெனிக்கு போடான்னு சொல்ல எனக்கு மனசு வரல.


காட்பாடி_டைவர்:

சொல்லாதீங்க மா. தண்ணி வேலைக்கு ஒழுங்கான வழி இருக்கு, கமர்ஷியல் டைவிங் கோர்ஸ் தனியா இருக்கு, பாண்டி கார்டு அதுக்கு போதாது. டைவிங் மெடிக்கல் பாஸ் பண்ணணும், காதும் நெஞ்சும் முக்கியம். சர்ஃபேஸ் சப்ளை, அதாவது மேல இருந்து ஹோஸ்ல ஒழுங்கா காத்து குடுக்கற முறை, தொப்பி, போன், கூட காத்திருக்கற இன்னொரு டைவர், மேல சூப்பர்வைசர், இதெல்லாம் இருக்கற எடத்துல அணைக்கட்டு, துறைமுகம், பாலம்னு வேலை இருக்கு. ஆழம் கம்மி, சம்பளம் ஆரம்பத்துல கம்மி தான், பொய் சொல்ல மாட்டேன். கோர்ஸ் ஃபீஸும் அதிகம். ஆனா 40 அடி சேத்துல கண்ணு தெரியாம கையால தடவி கயிறு மாட்டறான் பாருங்க, அது பத்துல ஒருத்தனுக்கு வராத கை. எனக்கு வர மூணு வருஷம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை அவனை கூட்டினு வாங்க. வீட்டுல என் பழைய டேபிள் புக் இருக்கு, பென்சில் பேப்பரோட ஏஜென்ட் சொன்ன அந்த மூணு டைவை அவனையே கணக்கு போட வைக்கறேன்.


குடியாத்தம்_அக்கா:

கண்டிப்பா வரோம் அண்ணா. காலைல வர முடியாது, பேர்ணாம்பட்டு ரோட்டுல ஒருத்தர் கிணத்துல மோட்டார் விழுந்திருக்குன்னு கூப்ட்டிருக்காங்க, அதை எடுத்து குடுத்துட்டு மத்தியானம் பாசஞ்சர் புடிச்சு வந்துடறோம். ஸ்டேஷன்ல இருந்து எப்படி வரணும்னு மெசேஜ்ல சொல்லிடுங்க.